கழுத்துக்கு முன்வாசலா, பின்வாசலா?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர்கள் உண்டா? 13 நிலை, 236 அடி. பல தலைமுறையாக மொட்டையாகவே நின்று, 1987-ல்தான் முழுசாக எழும்பிய கோபுரம். உள்ளூர்க்காரர்களான நாங்கள்கூட அதன் அடியில் ஒரு நிமிஷம் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, உச்சிக் கலசம் வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் அண்ணாந்தார். அடுத்த விநாடி கையிலிருந்த தேங்காய்ப் பழத் தட்டு 'டமார்'!

"டேய் தம்பி, ரெண்டு கையிலும் ஷாக் அடிச்ச மாதிரி இருக்குடா!"

சித்தப்பாவுக்கு வயசு 68. கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. 'பெல்' தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களுக்கு வெல்டிங் அடித்தே தலை நரைத்த மனுஷர். அவர் பிடித்த கோடு நேராக இருக்கும் என்று சக தொழிலாளிகள் சொல்வார்கள். அந்தக் கை தட்டை நழுவ விட்டது!

உடனே விழித்துக்கொண்டோமா என்கிறீர்கள்? ஊஹூம்! "வெயில்... காலையிலிருந்து சாப்பிடலை... அதான்" என்று சித்தியே தீர்ப்பு சொல்லிவிட்டார். அதற்கு முன்பே எத்தனையோ அறிகுறிகள் இருந்திருக்கின்றன. சட்டை பட்டன் போட ஐந்து நிமிஷம் ஆகிறது. டம்ளர் நழுவுகிறது. பேங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள். நடந்தால் 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி' இருக்கிறதாம். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். 'சுகர்' என்றேன் நான். 'வயசு' என்றார் சித்தி. 'வாயு' என்றார் பக்கத்து வீட்டு மாமி.

கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கழுத்தெலும்புத் தேய்மானம். மூன்று இடத்தில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் அவசியம்.

சரி, செய்துவிடலாம் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் சிக்கல். முதல் டாக்டர், "கழுத்தின் முன்பக்கமாகப் போகலாம். தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, எலும்பு வைத்து, பிளேட் போட்டு மூட்டை ஒன்றாக்கிவிடலாம்" என்றார். இரண்டாவது கருத்து கேட்போமே என்று இன்னொரு டாக்டரிடம் போனோம். "பின்பக்கமாகத் திறந்துவிடுவதுதான் நல்லது" என்றார் அவர்.

அவ்வளவுதான்! குடும்பம் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் பையன் 'முன்பக்கம்'. மாப்பிள்ளை 'பின்பக்கம்'. போதாக்குறைக்கு ஒருவர், "வெளிநாட்டில் செயற்கை டிஸ்க்கே வந்துவிட்டதே" என்று மூன்றாவது கட்சி ஆரம்பித்தார். இப்படியே நாலு மாசம் ஓடிப்போயிற்று. அந்த நாலு மாசத்துக்கு நாங்கள் கொடுத்த விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிஸிக்ஸ் எடுக்கிறவன். ஆனால் கழுத்து ஆபரேஷன் என்பது மருத்துவம் மட்டுமல்ல, பாதிக்குப் பாதி பிஸிக்ஸ் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'எந்த ஆபரேஷன் உசத்தி?' என்று நாங்கள் கேட்டோமே, அந்தக் கேள்வியே தப்பு. 'இந்த ஆபரேஷன் என் கழுத்திலிருந்து எதை எடுக்கிறது? அது சுமந்த பாரத்தை இனி யார் சுமப்பார்கள்?' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதும் இதுதான்.

மூன்று கல் அடுப்பு

உங்கள் தலை எவ்வளவு எடை தெரியுமா? சுமார் 5 கிலோ. ஒரு நடுத்தர தர்பூசணி! அதைத் தாங்குவது ஏழு சின்ன எலும்புகள். தாங்கினால் மட்டும் போதாது, தலையை ஆட்டவும் திருப்பவும் குனியவும் நிமிரவும் விடவேண்டும். நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடத்துக்கு ஒரு கீறல் படாமல் காவலும் காக்கவேண்டும். ஒரே ஆளுக்கு மூன்று உத்தியோகம்!

கழுத்தை ஒரு மூன்று கல் அடுப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு கல். அதுதான் எலும்பின் உடலும், எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கும். நம் ஊர் பாஷையில் 'ஜவ்வு'. பின்னால் இடமும் வலமுமாக இரண்டு கல். அவை சின்னச் சின்ன மூட்டுகள். ஜி.பி. பால் என்ற இந்திய உடற்கூறு நிபுணர், ஷெர்க் என்பவரோடு சேர்ந்து 1988-ல் இதை அளந்து எழுதினார். பாரத்தில் 36 சதவிகிதம் முன் தூணுக்கு. பின்னால் இருக்கும் இரண்டுக்கும் தலா 32. அதாவது, 'முன்னெலும்புதான் எல்லாம், பின்னால் இருப்பது சும்மா' என்ற கதையெல்லாம் கழுத்தில் செல்லாது.

இதோடு பிடரித் தசைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தல் கால் சாயாமல் பின்னாலிருந்து இழுத்துக் கட்டுகிற கயிறு மாதிரி அவை. தலை நிமிர்ந்திருந்தால் கயிறு லேசாக இழுத்தால் போதும். குனியக் குனிய இழுவை கூடும். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க டாக்டர் 2014-ல் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் 12 கிலோ பாரம், 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ! செல்போனில் மூழ்கியிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை டிகிரி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருகிற சத்துதான் அதற்குச் சாப்பாடு. வயசாக ஆக அதன் ஈரம் வற்றுகிறது, உயரம் குறைகிறது. அதிகமாக வேலை செய்யும் கீழ்க்கழுத்தில், ஐந்து, ஆறு, ஏழாவது எலும்புகளின் நடுவேதான் இது முதலில் நடக்கும். தளர்ந்த மூட்டு ஆடாமல் இருக்க உடம்பே ஓரத்தில் எலும்பை வளர்த்து முட்டுக் கொடுக்கிறது. நல்லெண்ணம்தான்... ஆனால் அந்த முட்டு உள்பக்கமாகத் துருத்தினால், தண்டுவடத்தின் பாதை குறுகிவிடுகிறதே!

அந்தப் பாதை சாதாரணமாக 17 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் நெருக்கடி என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் பின்பக்கத்து ஜவ்வு மடிந்து உள்ளே தள்ளும், பாதை இன்னும் குறுகும். கோபுரத்தடியில் சித்தப்பாவுக்கு ஷாக் அடித்தது வெயிலால் அல்ல, இதனால்தான்!

முன்வாசல்

முன்பக்க ஆபரேஷன் நேற்று வந்ததல்ல. 1958-ல் அமெரிக்காவில் ராபின்சன், ஸ்மித் இருவரும் ஒரு முறையையும், ஹவாயில் கிளவார்ட் என்பவர் இன்னொரு முறையையும் எழுதினார்கள். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, டிஸ்க்கை எடுத்து, அந்த இடத்தில் இடுப்பெலும்பில் எடுத்த துண்டை வைப்பது. நாளடைவில் மேலெலும்பும் கீழெலும்பும் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும்.

இருவருக்கும் என்ன வித்தியாசம்? கிளவார்ட் வட்டமாகத் துளை போட்டு, கட்டை ஆணி மாதிரி உருளைத் துண்டைச் செருகினார். ராபின்சன் டிஸ்க்கை மட்டும் சுரண்டிவிட்டு, எலும்பின் கெட்டியான மேல்தட்டைப் பெரும்பாலும் விட்டுவைத்து, சதுரத் துண்டை வைத்தார். பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் பாரம் ஏற்றிப் பார்த்தபோது ராபின்சன் துண்டே அதிகம் தாங்கியது. காரணம் வெகு எளிது. மேஜையின் காலை வழவழப்பான தரையில் வைப்பதற்கும், தரையைத் தோண்டி மண்ணில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

முன்வாசலின் பெரிய லாபம் என்னவென்றால், நசுக்குகிற பொருள் பெரும்பாலும் முன்னால்தான் இருக்கிறது. அதை நேருக்கு நேர் எடுத்துவிடலாம். கழுத்தின் வளைவையும் சரிசெய்யலாம். பின்பக்கத் தசையைத் தொடவேண்டியதில்லை.

நஷ்டம்? ஒரு மூட்டு மூட்டாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. இதைச் சொன்னதும் சித்தப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "வெல்டிங் அடிச்ச இடம் அசையாது தம்பி. ஆனா ஆட்டம் எங்கேயும் போயிடாது. பக்கத்து ஜாயின்ட்டுக்குப் போயிடும்!" என்றார். முப்பது வருஷ அனுபவம் பேசுகிறது! 1999-ல் ஹிலிபிராண்ட் குழுவினர் இப்படி மூட்டைச் சேர்த்துக்கொண்ட 374 பேரைக் கவனித்து எழுதினார்கள். பக்கத்து மூட்டில் புதிதாகத் தொல்லை வந்தது வருஷத்துக்கு 2.9 சதவிகிதம் பேருக்கு. பத்து வருஷத்தில் நாலில் ஒருவருக்கு. இதில் எவ்வளவு ஆபரேஷனால், எவ்வளவு வயசால் என்று நிபுணர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. எப்படியும் வரவேண்டிய தேய்மானம்தான் என்பவர்களும் உண்டு.

'பிளேட் போட்டால் கெட்டியாகிவிடுமே' என்று கேட்பீர்கள். கெட்டிதான். துண்டு நழுவாது, கழுத்து கோணாது. ஆனால் எலும்புக்கு ஒரு குணம் உண்டு. பாரம் கொடுத்தால்தான் அது வளரும். ஜெர்மனியின் வோல்ஃப் 1892-லேயே சொன்ன விதி. எல்லாப் பாரத்தையும் பிளேட்டே சுமந்துவிட்டால் நடுவில் வைத்த துண்டு சோம்பேறியாகிவிடும்! அதனால்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பிளேட்டுகள் பிற்பாடு வந்தன. இரும்பு கூடக்கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலூர் சொல்லும் பாடம்

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் நரம்பு அறுவை சிகிச்சைக்கென்று முதன்முதலாகத் துறை ஆரம்பித்தது எங்கே தெரியுமா? வேலூர் சி.எம்.சி.யில், 1949-ல், டாக்டர் ஜேக்கப் சாண்டி தலைமையில்.

பல மட்டத்தில் தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு, அங்கே டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் எலும்பின் நடுப்பகுதியையே நெடுக எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பு அல்லது கால் எலும்பைத் தூணாக நிறுத்தும் முறையைப் பல காலம் செய்து எழுதியிருக்கிறார்கள். விசேஷம் என்னவென்றால், பிளேட் கிடையாது, ஸ்குரூ கிடையாது! எலும்பு கூடும்வரை காலர்தான் காவல். செலவு குறையும். ஆனால் தூண் நீளமாக ஆக, அது வளைவதற்கும் நழுவுவதற்கும் வாய்ப்பு கூடும் என்பதும் பிஸிக்ஸ்தான். அளவெடுத்துச் செதுக்கி உட்கார வைக்கிற கைப்பழக்கம் வேண்டும்.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆரி சாக்கோ குழுவினர் வேறொரு வழியை எழுதினார்கள். எலும்பின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகக் குடைந்து போய், நசுக்குகிற பின்பகுதியை மட்டும் எடுப்பது. எலும்பின் பெரும்பகுதி அப்படியே நிற்பதால் தூணே வேண்டாம், மூட்டை ஒட்டவும் வேண்டாம். கழுத்தசைவு மிஞ்சும். ஆனால் மூளைக்குப் போகும் ஒரு முக்கிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் கைவைக்க வேண்டும். சிலருக்குக் கண் இமை லேசாக இறங்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும்.

பார்த்தீர்களா? ஒரே கூரை, ஒரே வியாதி, இரண்டு வழி. ஒருவர் சரி, மற்றவர் தப்பு என்றா அர்த்தம்? இல்லை. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது!

பின்வாசல்

பிடரிப்பக்கம் திறந்து, தண்டுவடத்துக்கு மேல் இருக்கும் எலும்புக் கூரையை எடுத்துவிடுவது பழைய முறை. நாலைந்து மட்டத்தில் நெருக்கடி இருந்தாலும் ஒரே தடவையில் தீரும். தொண்டைப் பக்கம் போகவே வேண்டாம்.

ஆனால் பந்தல் கயிறு ஞாபகம் இருக்கிறதா? கூரையை எடுக்கும்போது பின்பக்க இழுவைக் கயிறுகளும் தளர்கின்றன. ஓரத்து மூட்டுகளையும் பாதிக்கு மேல் செதுக்கிவிட்டால் கழுத்து நிலைகுலையும். கயிறு அறுந்த பந்தல் என்ன ஆகும்? முன்னால் சாயும்! சிலருக்குக் கழுத்து அன்னப்பறவை மாதிரி முன்னோக்கி வளைந்துபோன கதை அந்தக் காலத்தில் உண்டு. அதைத் தடுக்க ஸ்குரூ, கம்பி போட்டுக் கட்டுவது ஒரு வழி. அப்படிக் கட்டினால் அசைவு போய்விடும்.

ஜப்பான்காரர்கள் வேறு யுக்தி செய்தார்கள். 1977-ல் ஹிராபயாஷி என்பவர், கூரையை எடுக்காமல் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்தைக் கீல் போல வைத்து, கதவு திறப்பது மாதிரி திறந்துவிட்டார். தண்டுவடத்துக்கு இடமும் கிடைத்தது, கூரையும் போகவில்லை! கழுத்தசைவும் ஓரளவு மிஞ்சும். இதிலும் குறை உண்டு. பிடரி வலி கொஞ்ச காலம் படுத்தும். நூற்றில் ஐந்து பேர் அளவில் தோளைத் தூக்க முடியாத பலவீனம் வந்து, பெரும்பாலானவர்களுக்கு மெதுவாகச் சரியாகிறது.

முக்கியமான நிபந்தனை ஒன்று. பின்வாசல் எல்லாக் கழுத்துக்கும் பொருந்தாது. வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிறைப் பாருங்கள். கயிறு தளர்வாக இருந்தால்தான் பின்னால் நகர்ந்து இடம் பிடித்துக்கொள்ளும். கழுத்துக்கு இயற்கையாக உள்ள வளைவு இருக்கிறவரை, பின்னால் திறந்ததும் தண்டுவடம் பின்னோக்கி நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். வளைவு போய், கழுத்து முன்பக்கம் கூனிவிட்டால்? தண்டுவடம் வில்லில் பூட்டிய நாண் மாதிரி முன்னெலும்பிலேயே இழுபட்டுக் கிடக்கும். பின்னால் எவ்வளவு திறந்தாலும் பிரயோஜனம் குறைவு. 2008-ல் ஜப்பானியர்கள் இதற்கு எக்ஸ்ரேயில் ஒரு கோடு போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாவது எலும்புக்கும் ஏழாவது எலும்புக்கும் நடுவே, பாதையின் மையங்களைச் சேர்த்து ஒரு நேர்க்கோடு. நசுக்கும் எலும்பு அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால், பின்வாசல் மட்டும் போதாது. ஒரு ஸ்கேல், ஒரு பென்சில்! அவ்வளவுதான் கருவி!

செயற்கை டிஸ்க்

கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்குக் காவிரிப் பாலத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1976-ல் கட்டிய பாலம். 2022-ல் மூடி, தேய்ந்த இணைப்புகளையும் பேரிங்குகளையும் மாற்றி, 2023-ல் திறந்தார்கள். சுற்றிச் சுற்றிப் போய் நாம் பட்ட பாடு! அப்போது யாராவது, 'இணைப்பே வேண்டாம், சிமென்ட் போட்டு மூடிவிடுங்கள்' என்று சொன்னோமா? வெயிலில் பாலம் விரியும். அதற்கு இடம் விடவேண்டும்.

செயற்கை டிஸ்க்கின் தத்துவமும் அதுதான். மூட்டை ஒட்டாமல், அசைகிற மாற்று டிஸ்க்கை வைத்துவிட்டால் பக்கத்து மூட்டுக்குப் பாரம் போகாது. 2007-ல் அமெரிக்க அரசு கழுத்துக்கு முதல் செயற்கை டிஸ்க்கை அனுமதித்தது. ஒன்றிரண்டு மட்டத்தில் தொல்லை உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில், மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் குறைவாக இருந்தார்கள்.

ஆனால் பாலத்தின் தூணே ஆட்டம் கண்டிருந்தால் இணைப்பை மட்டும் மாற்றி என்ன பலன்? பின்பக்க மூட்டுகள் நன்றாகத் தேய்ந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கழுத்து கூனியவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. சிலருக்கு நாளடைவில் சுற்றிலும் எலும்பு வளர்ந்து, அசைகிற டிஸ்க்கும் அசையாமல் போய்விடும். 40 வயசில் ஒரு மட்டத்தில் டிஸ்க் விலகியவருக்கு நல்ல சாமான். 68 வயசில் மூன்று மட்டம் நசுங்கிய சித்தப்பாவுக்கு? விலைதான் மிச்சம்!

அப்படியானால் யார் ஜெயித்தார்?

இந்த வழக்கை நேராகவே விசாரித்தார்கள். தண்டுவடம் நசுங்கிய 163 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு முன்வாசல், மறுபகுதிக்குப் பின்வாசல். 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து உடல் இயக்கத்தில் இரு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! சிக்கல்கள் முன்வாசலில் 48 சதவிகிதம், பின்வாசலில் 24. முன்வாசலில் முக்கியமானது விழுங்குவதில் சிரமம். பின்வாசலில், கதவு மாதிரி திறந்துகொண்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் யாருக்குக் கதவு, யாருக்குக் கம்பி என்பதை டாக்டர்களே பார்த்து முடிவு செய்தார்கள் என்பதால், அதை மட்டும் வைத்து ஓட்டுப் போட முடியாது.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டது இரண்டு வழியும் பொருந்தக்கூடிய கழுத்துகளை. ஒரு வழிதான் பொருந்தும் என்கிற கழுத்துக்கு இந்த முடிவு செல்லாது.

மும்பையின் டாக்டர் அதுல் கோயல் சொல்வதோ எல்லாவற்றையும் புரட்டிப்போடுகிறது. 'நசுங்கல் இரண்டாம் பட்சம். மூட்டின் ஆட்டம்தான் மூல காரணம். எலும்பை எடுக்கவே வேண்டாம், மூட்டை அசையாமல் கட்டினாலே போதும்' என்கிறார். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இல்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

டாக்டரிடம் கேளுங்கள்

ஆகவே, இரண்டு டாக்டர்கள் இரண்டு வழி சொன்னால் 'இவர்களுக்கே தெரியவில்லை' என்று மிரளாதீர்கள். ஸ்ரீரங்கத்துக்கு மாம்பழச்சாலை வழியாகவும் போகலாம், சுற்றிக்கொண்டும் போகலாம். எது உங்கள் வண்டிக்குத் தோது என்பதே கேள்வி. கூச்சப்படாமல் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எனக்கு நசுங்குவது நரம்பின் வேரா, தண்டுவடமா?

இரண்டு: நசுக்கும் பொருள் முன்னாலா, பின்னாலா? எத்தனை மட்டத்தில்?

மூன்று: கழுத்தின் வளைவு மிச்சம் இருக்கிறதா? நின்றபடி, குனிந்து நிமிர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்றா? படுத்துக்கொண்டு எடுக்கும் ஸ்கேனில் பாரம் தெரியாது!

நாலு: இந்த ஆபரேஷனில் எதை எடுக்கிறீர்கள்? அதன் வேலையை இனி எது செய்யும்?

ஐந்து: நீங்கள் வாடிக்கையாகச் செய்வது எது? (கைப்பழக்கம் பெரிய விஷயம், சார்!)

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற டாக்டர் முன்வாசலைச் சொன்னாலும் சரி, பின்வாசலைச் சொன்னாலும் சரி, நம்பிப் போகலாம் என்பது என் கட்சி. பிளேட்டின் விலையையும் கம்பெனியையும் மட்டும் பேசினால் கொஞ்சம் யோசியுங்கள்.

முதல் கேள்வியை ஏன் முதலில் வைத்தேன்? நரம்பின் வேர் மட்டும் நசுங்கினால் ஒரு கையில் வலி இறங்கும், விரல் மரக்கும். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். மருந்து, ஓய்வு, பிசியோதெரபி போதும். அவசரப்படாதீர்கள். வெறும் கழுத்து வலிக்காக ஆபரேஷன் செய்துகொள்வது பெரும்பாலும் வேண்டாத வேலை.

தண்டுவடம் நசுங்கினால் சங்கதி வேறு. அது பெரும்பாலும் அதிகம் வலிக்காது! அதுதான் ஆபத்து. பட்டன் போட முடியவில்லை, சாதம் பிசைய முடியவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் அது 'வயசு' இல்லை. உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் ஆபரேஷனைத்தான் சிபாரிசு செய்கிறது. லேசாக இருந்தால் மட்டும் கண்காணிப்போடு பிசியோதெரபி செய்து பார்க்கலாம்.

இந்த நிலையில் சலூனில் உட்கார்ந்து 'கழுத்தை ஒரு திருகு திருகி விடுப்பா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே குறுகிய பாதையில் ஒரு திருகு... யோசித்தாலே பயமாக இருக்கிறது! சிகரெட் பிடிப்பவர்கள் நிறுத்துங்கள். வைத்த எலும்பு ஒட்டாமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

நாலு மாசத்தின் விலை

மூன்றாவதாக ஒரு வயதான டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயில் பென்சிலால் கோடு போட்டார். "வளைவு நல்லா இருக்கு. மூணு மட்டம். பின்பக்கம் கதவு மாதிரி திறந்து விடலாம். முன்பக்கம் போறதும் தப்பில்லை. முதல் டாக்டர் சொன்னதைச் செஞ்சிருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சித்தப்பா இன்று கைத்தடி இல்லாமல் கே.கே. நகர் தெருக்களில் காலையில் நடக்கிறார். கழுத்தும் திரும்புகிறது. ஆனால் விரல்கள்? முழுசாகத் திரும்பவில்லை. பட்டனைச் சித்திதான் போட்டுவிடுகிறார். பேங்க்கில் புதுசாகக் கைரேகை வைத்துக் கொடுத்திருக்கிறார். அழகாக வெல்டிங் கோடு போட்ட கை அது! நசுங்கிய தண்டுவடம் இடம் கிடைத்தால் மேலும் கெடாமல் நிற்கும். ஆனால் ஏற்கெனவே போனதெல்லாம் திரும்பும் என்று உத்தரவாதம் இல்லை. முன்வாசலா, பின்வாசலா என்று சண்டை போட்டுக்கொண்டு நாங்கள் வாசலிலேயே நின்ற நாலு மாசத்தில் போனது எவ்வளவோ!

போன மாசம் மறுபடி ஸ்ரீரங்கம் போனோம். கோபுரத்தடியில் பழக்க தோஷத்தில் அண்ணாந்துவிடப் போகிறாரே என்று எனக்குப் பயம். அவர் சிரித்தார். தெருவிலேயே நன்றாகத் தள்ளி நின்று, கழுத்தைச் சாய்க்காமல் கும்பிட்டார்.

"தள்ளி நின்னு பார்த்தா கலசம் நேராவே தெரியுதுடா தம்பி. இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே!"

உங்கள் வீட்டிலும் யாராவது டம்ளரை நழுவ விட்டால், திட்டாதீர்கள். கழுத்தை ஒரு தரம் டாக்டரிடம் காட்டுங்கள்.